டேங்க் வேகனுக்குள் காதர் பாய்

ரயில்வே சரக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் மாதத்திலேயே வேகன்களின் வகைகளைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நிலக்கரி, ஜல்லி போல நனைந்தாலும் பாதகமில்லாதவை திறந்த வேகனில் போகும். அரிசி, சிமெண்ட், உரம் எல்லாம் மூடிய வேகனில். அதற்குப் பக்கவாட்டில் கதவு உண்டு. பெட்ரோல், டீசல் டேங்க் வேகனில். அதற்குக் கதவு கிடையாது, மேலே ஒரு மூடி, கீழே ஒரு வால்வு, அவ்வளவுதான். இன்னும் அடிவயிற்றைத் திறந்து கொட்டுகிற ஹாப்பர், தண்டவாளம் ஏற்றுகிற தட்டை வேகன் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு வேகனின் மேலும் பதினோரு இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வகையைச் சொல்லும். மூன்றில் தொடங்கினால் மூடிய வேகன். நான்கில் தொடங்கினால் டேங்க். கடைசி இலக்கம், மற்ற பத்தும் சரிதானா என்று கம்ப்யூட்டர் சோதித்துப் பார்ப்பதற்கு.

பரீட்சைக்கு இது போதும். வேலைக்குப் போதாது என்பதை ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது, ஒரு பங்குனி மாதத்து மதியத்தில் நான் தெரிந்துகொண்டேன். அன்று ஒரு மனிதரை ஏறக்குறையக் கொன்றேன். கத்தியால் அல்ல, கம்ப்யூட்டரில் ‘ஆம்’ என்று இரண்டு இடத்தில் அழுத்தி.

அப்போது மதுரைக்கு வெளியே ஒரு கூட்ஸ் ஷெட்டில் நான் சூப்பர்வைசர். காலையில் யூரியா வண்டி வந்து நின்றது. நாற்பத்திரண்டு வேகன். உசிலம்பட்டி, எழுமலைப் பக்கம் போக வேண்டிய லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. உரம் கிடைக்காமல் பத்து நாளாக விவசாயிகள் கடைகளை முற்றுகையிட்டுக் கொண்டிருந்த நேரம். கம்ப்யூட்டரில் வண்டியின் பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொரு மூடிய வேகன், நடுவில் ஒரு டேங்க் வேகன் என்று காட்டியது.

எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே டேங்க் எதுவும் இல்லை. மற்ற வேகன்களைப் போலவே அதுவும் கதவு வைத்த பெட்டிதான். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. எண் மட்டும் நான்கில் தொடங்கியது. பிறகு விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பழுது பார்த்த இடத்தில் எண்ணைத் திரும்ப எழுதிய பெயின்டர் மூன்றை நான்காக்கியிருந்தார். அந்த ஒரு தப்போடு நிறுத்தியிருந்தால் கடைசி இலக்கத்தை வைத்துக் கம்ப்யூட்டர் பிடித்திருக்கும். அவர் இன்னோர் இலக்கத்தையும் தப்பாக எழுதிவிட்டார். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. கணக்குப்படி எண் சுத்தமாக இருந்தது. அந்த எண்ணில் எங்கோ வடக்கே நிஜமாகவே ஒரு டேங்க் வேகனும் ஓடிக்கொண்டிருந்தது.

மேலதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

“சார், பட்டியல்ல டேங்க்னு இருக்கு. ஆனா இது மூடிய வேகன்.”

“எண் என்ன காட்டுது?”

“டேங்க்தான் காட்டுது.”

“அப்புறம் என்ன?”

“கதவு இருக்கு சார்.”

“டேங்க் வேகனுக்குக் கதவு ஏதுய்யா? நல்லாப் பாருங்க.”

நல்லாப் பார்த்தேன். கதவு இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். வகையை மாற்ற வேண்டுமென்றால் பழுது பார்த்த இடத்திலிருந்து கடிதம் வர வேண்டும், அதற்கு நான்கைந்து நாள் ஆகும் என்று பதில் வந்தது. மூட்டைகளை இறக்கிக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிரிவிலிருந்து இன்னொரு போன். டேங்க் வேகனில் யூரியா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம், எத்தனை லிட்டர்?

“மூட்டை சார்.”

“டேங்க்குக்கு லிட்டர்லதான் கணக்கு. லிட்டர்ல சொல்லுங்க.”

மூட்டையை லிட்டராக்கும் வித்தை எனக்குத் தெரியாது என்றேன். கோபமாகப் போனை வைத்துவிட்டார்கள். அரை மணியில் இரண்டு பேர் தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, யூரியா மூட்டை சுமப்பவர்களிடம் பீடி பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். மூட்டை இறங்கி முடிந்ததும் அவர்களும் எழுந்து போனார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு உத்தரவு வந்தது. தெற்கே உள்ள எண்ணெய்க் கிடங்குக்குக் காலி டேங்க் வண்டி ஒன்று போகிறது. உங்களிடம் இருக்கும் டேங்க் வேகனைக் கழற்றி அதில் மாட்டி அனுப்பவும். இங்கே நான் முடியாது என்று உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த உர வண்டி லைன் காலியாகட்டும் என்று வெளியே காத்திருந்தது. லாரிக்காரர்கள் கத்திக் கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அந்த வேகனைப் பற்றிப் பேசிப் பேசி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. எங்கேயோ போய்த் தொலையட்டும், போய்ச் சேர்கிற இடத்தில் கண்ணுள்ள யாராவது இருப்பார்கள் என்று நினைத்தேன்.

மூடிய வேகனை அனுப்பும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: கதவுகளைத் திறந்து உள்ளே பார்த்தீர்களா? டேங்க் வேகனுக்கு அந்தக் கேள்வி வராது. அதற்கு வருபவை வேறு. மேல்மூடி மூடியிருக்கிறதா? ஆம் என்று அழுத்தினேன். வால்வு இறுக்கியிருக்கிறதா? ஆம் என்று அழுத்தினேன்.

வேகன்களைக் கழற்றி மாட்டுகிற பாயின்ட்ஸ்மேன் பாண்டி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்ப்பவன்.

“அண்ணே, இல்லாத வால்வ எப்பிடிண்ணே இறுக்குனீங்க?”

“நல்லாவே இறுக்கியிருக்கேன் மாப்ள. போயி மாட்டி விடு.”

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வண்டி வந்தது. உருண்டை உருண்டையான டேங்குகளின் கடைசியில் எங்கள் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இன்ஜின் டிரைவர் பார்த்தார். கார்டு பார்த்தார். வண்டியைச் சோதிப்பவர் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள், தாளைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. பெரியவரே போட்டிருக்கிறார், நமக்கென்ன என்று மற்றவர்கள் போட்டார்கள். வண்டி கிளம்பிப் போயிற்று. நான் இலையைப் பிரித்துப் புளியோதரையில் கை வைத்தேன். போன் அடித்தது.

காதர் பாய். எங்கள் ஷெட்டில் கிழிந்த மூட்டைகளைத் தைப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். டவுனுக்குள்ளிருந்து தினமும் டி.வி.எஸ். வண்டியில் வருவார். கோணூசியும் சணல் கயிறும் எப்போதும் கையில் இருக்கும். அவர் தைத்த மூட்டை இன்னொரு தடவை அந்த இடத்தில் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

“சார், வேகன் ஆடுது.”

“எந்த வேகன் பாய்?”

“நான் இருக்குற வேகன்தான் சார்.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“வேகனுக்குள்ள. மூணு மூட்டை கிழிஞ்சு கெடந்துச்சு. தச்சேன். உள்ள நெழலா இருந்துச்சா, செத்த கண்ண மூடுனேன். இப்ப முழிச்சா ஒரே இருட்டு. ஷண்டிங் பண்றீகளா? ஜல்தியா முடிங்க சார், யூரியா நெடி கண்ணக் கரிக்குது.”

கையிலிருந்த சோறு அப்படியே இலையில் விழுந்தது. அவர் தூங்குவது தெரியாமல் மூட்டை தூக்குபவர்கள் ஒரு பக்கக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மாட்டுவதற்கு முன் பாண்டி மறு பக்கத்தைச் சாத்திக் கொக்கி போட்டிருக்கிறான். வழக்கமாக எட்டிப் பார்ப்பான். அன்று டேங்க் வேகன் என்ற வேடிக்கையில் எட்டிப் பார்க்கவில்லை. அவனிடம் பார்த்தாயா என்று கேட்க வேண்டிய நானும் கேட்கவில்லை. திரையில் அந்தக் கேள்வியே இல்லையே.

வெளியே பங்குனி வெயில். நாலு பக்கமும் இரும்பு, மேலே இரும்பு, உள்ளே சிந்திக் கிடக்கும் யூரியா. வண்டி எண்ணெய்க் கிடங்குக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகும்.

“பாய், கதவுகிட்ட வந்து உக்காருங்க. இடுக்குல காத்து வருதா?”

“கொஞ்சம் வருது. சார், இது ஷண்டிங் இல்ல போலருக்கே. ஸ்பீடு எடுக்குது.”

“நான் நிப்பாட்டச் சொல்றேன். போன வச்சுருங்க, சார்ஜு எம்புட்டு இருக்கு?”

“ஒத்தக் கோடு” என்றார். லைன் அறுந்தது.

ரயில்களின் ஓட்டத்தை நடத்தும் கண்ட்ரோலுக்குப் போட்டேன். டேங்க் வண்டியை உடனே நிறுத்துங்கள், கடைசி வேகனில் ஆள் இருக்கிறார் என்றேன்.

“கடைசி வேகன் டேங்க்காச்சே. மேலே தொத்திக்கிட்டு இருக்கானா?”

“உள்ள இருக்கார்.”

“டேங்க்குக்குள்ள எப்படிய்யா? மூடியைப் பூட்டியாச்சுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. பூட்டின டேங்க்குக்குள்ள இருந்தா அந்த ஆளு எப்படி உங்களுக்குப் போன் பண்ணுவான்? வெயில்ல உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு. மோர் குடிங்க.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் எழுதிக்கொடுத்ததை அவர் நம்பினார். அது மூடிய வேகன் என்று அப்போதே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எல்லா போனும் பதிவாகிற இடம் அது. முப்பத்து நான்கு வருட சர்வீஸில் என் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அரை நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். ஒரு மனிதர் வெந்துகொண்டிருந்த அரை நிமிடம். எதிர்முனை வைத்துவிட்டது.

பாண்டி ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவனுக்கு மூளை வேகமாக ஓடும்.

“அண்ணே, டேங்க் கசியுதுன்னு சொல்லுங்க. அடுத்த நிமிசம் நிப்பாட்டிருவாங்ஙே. உங்க கையெழுத்துக்கும் ஒண்ணும் வராது.”

அழகான யோசனை. வண்டி நிற்கும். என் பொய்யும் நிற்கும். போனை எடுத்து எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். மணி அடிக்கும்போதுதான் அடுத்து என்ன நடக்கும் என்று கண்ணில் ஓடியது. கசிகிற டேங்க் என்றால் வண்டி நின்ற இடத்தைச் சுற்றி ஒரு மனிதரை நெருங்க விடமாட்டார்கள். தீயணைப்பு வண்டி வரும். எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் வர வேண்டும், நிபுணர் வர வேண்டும். கயிறு கட்டித் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டாலும் பக்கத்தில் போகாதே என்பார்கள். காதர் பாயை எல்லோரும் சேர்ந்து பத்திரமாகச் சாகடித்திருப்போம்.

நான் அழுத்தியிருந்தது திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் எண். வண்டி இன்னும் அதைத் தாண்டியிருக்காது. பெண் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் எடுத்தார். முன்பின் தெரியாதவர்.

“அம்மா, தெற்க வர்ற டேங்க் வண்டியில கடைசி வேகன் டேங்க் இல்ல. மூடிய வேகன். டேங்க்னு நான்தான் பொய்யா எழுதி அனுப்பிட்டேன். உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரு. உயிரோட இருக்காரு.”



“சிவப்பு சிக்னல் போட்டுட்டேன் சார், நிக்கும். எந்தப் பக்கக் கதவு தொறக்கும்?”

அவ்வளவுதான் கேட்டார். வகை கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. ஏன் எழுதினாய் என்றும் கேட்கவில்லை. நெருக்கடியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது என்று யாராவது உங்களிடம் கேட்டால் அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வெளியிலிருந்து திறக்கலாம் என்றேன். பிறகு கண்ட்ரோலுக்கும் போட்டு அதே வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பாண்டியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். போக்குவரத்தில் மாட்டி முக்கால் மணி ஆயிற்று. வழியெல்லாம் காதர் பாய்க்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே சொன்னது.

நாங்கள் போனபோது டேங்க் வண்டி போய்விட்டிருந்தது. எங்கள் பெட்டியை மட்டும் ஓரத்து லைனில் கழற்றி விட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் ஒரு கூட்டம். நடுவில் மூன்று யூரியா மூட்டைகள். அவற்றின் மேல் காதர் பாய். சட்டை பிழிந்து உடுத்தியது போல் நனைந்திருந்தது, கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது, தலையில் யாரோ ஈரத் துண்டைப் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்த ஸ்டேஷன் ஊழியர் என்னிடம் புலம்பினார். ஆளைத் தூக்க இரண்டு பேர் கை நீட்டினார்களாம். இவர் முதலில் மூட்டையை இறக்குங்கள் என்று பிடிவாதம் பிடித்தாராம். தைத்த மூட்டையை எண்ணெய்க் கிடங்குக்கு அனுப்பினால் அங்கே எவன் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வான் என்று கேட்டாராம்.

என்னைப் பார்த்ததும் காதர் பாய் மெல்ல நிமிர்ந்தார்.

“வாங்க சார். உங்க டேங்க்குல காத்தே இல்ல.”

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கொதிக்கிற கதவை அந்தக் கையால்தான் தட்டியிருக்கிறார்.

“மௌத்தாப் போயிருந்தா எந்தக் கணக்குல சார் எழுதியிருப்பீக? லிட்டர்லயா?” என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. மேலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நிஜமாகவே விரும்பினார். அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. சாட்சியாக வந்த காதர் பாய் கையில் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனில் நான் ஒப்புக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

“பதிவில் அது இன்னும் டேங்க் வேகன்தான். திருத்தக் கடிதம் வரவில்லை. டேங்க் வேகனுக்குள் ஆள் இருக்க முடியாது. ஆள் இல்லை என்றால் சம்பவம் இல்லை. சம்பவம் இல்லை என்றால் உங்கள் மேல் குற்றமும் இல்லை. மூன்று வருடம்தான் இருக்கிறது, நிம்மதியாக ஓய்வு பெறுங்கள்.”

காதர் பாய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நான் யாரு சார்?”

“நீங்கள் சாட்சி.”

“எதுக்கு?”

அதிகாரி பதில் தேடி ஃபைலைப் புரட்டினார். அவர் சொன்னபடியே எழுதிக்கொடுத்துவிட ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது, மறைக்கவில்லை. காதர் பாய் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். என் மேல் கோபம்கூட இல்லை. தான் இருந்தோம் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்கிற பார்வை.

வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். சாட்சிக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதினேன். அது மூடிய வேகன். டேங்க் அல்ல என்று கண்ணால் பார்த்து அறிந்தும் டேங்க் என்று பதிவு செய்தேன். இல்லாத மூடியை மூடியதாகவும், இல்லாத வால்வை இறுக்கியதாகவும் எழுதினேன். இருக்கிற கதவைத் திறந்து பார்க்கவில்லை. பாண்டியை நான் பார்க்கச் சொல்லவும் இல்லை. உள்ளே காதர் பாய் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதற்காகக் கண்டனக் கடிதம் ஒன்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. ஓய்வு பெறும் நாள் வரை அது அங்கேயே இருந்தது.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளைக் காதர் பாயிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். என் பக்கம் சாய்ந்து, அதிகாரிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

“தூங்கிக்கிட்டிருந்தேன்னு வேணாமே சார். நாலு பேரு படிப்பாக. மூட்டை தச்சுக்கிட்டிருந்தேன்னு போடுங்களேன்.”

அப்போதுதான் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்த மனிதன் நான். முடிவு செய்து முழுதாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவருக்கு நான் பட்ட கடனோ கொஞ்சநஞ்சமல்ல. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, கிழிந்த மூன்று மூட்டைகளையும் தைத்து முடித்துவிட்டுக் காதர் பாய் தூங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதிக் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

“அந்த ‘முடித்துவிட்டு’ங்கிறத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்” என்றார்.

பெரிதாக எழுதினேன்.